துரை குலைக்காது

ஜனவரி 6

அன்பு மருமகள் பாப்பாவுக்கு மாமா எழுதுவது.

நான் இங்கே இரும்புத் தூண் மாதிரி இருக்கிறேன். போன வாரம் டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது யாரோ இளவட்டத்தின் நாடி, உங்களுடையதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். நீயும் மாப்பிள்ளையும் ஆடுகளும் நாய்களும் அதேபோல இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் கண்டேன். பட்டப்பகலில் ஒருவன் கொட்டிலைத் திறந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போயிருக்கிறான், உன் மூன்று நாய்களும் வேடிக்கை பார்த்திருக்கின்றன. எப்படிப் பார்க்காமல் இருக்கும்? கிழவிக்குப் பின்னங்கால் சரியில்லை. வாத்தியார் மற்ற நாய்களை அதட்டுவதோடு சரி. சவுண்டு உருவத்தில் பூனை. இதற்கு மாப்பிள்ளை சந்தையில் ஒரு காவல் நாயை வாங்கி வந்தாராம், அது வந்த அன்றைக்கே கிழவியின் காதைக் கிழித்ததாம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களாம். வாங்குவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மரவாடியில் பாதுகாப்பு அதிகாரி நான். போலீஸ் நாய்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கூட்டி வருவார்கள்.

வேலை செய்கிற இனத்தில் பல்லையும் உயரத்தையும் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. குணம் பார்க்க வேண்டும். மற்ற நாய் பக்கத்தில் வரும்போது வால் கம்பி மாதிரி நிற்கிறதா, தளர்ந்து ஆடுகிறதா? கண்ணைக் கண்ணால் முறைக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? திருப்பிக்கொள்கிறதுதான் பல நாய் இருக்கிற வீட்டுக்கு லாயக்கு. அப்படி ஒன்று என் கண்ணில் இருக்கிறது. மீசைக்காரர் என்று என் சிநேகிதர், நாய் வளர்ப்பதில் புலி, அவருடையது. ஆட்டுக்காவல் இனம், ஆண், பெயர் துரை. உனக்காகச் சும்மாவே கேட்டு வாங்கித் தருகிறேன்.

யாரிடமும் சொல்லாதே. போனும் செய்யாதே. நாய் வியாபாரிகள் ஒட்டுக் கேட்கிறார்கள்.

உன் மாமா,
பாதுகாப்பு அதிகாரி


ஜனவரி 19

மாமாவுக்குப் பாப்பாவின் வணக்கம்.

நாடியை அந்த இளவட்டத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சரியாகச் சாப்பிட்டால் எனக்குப் போதும். இங்கே எல்லோரும் சுகம். கிழவியின் காது ஆறிவிட்டது, ஆனால் யார் நடந்து வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

அவ்வளவு நல்ல நாயை மீசைக்காரர் ஏன் கொடுக்கிறார், அதுவும் சும்மா? உங்கள் மாப்பிள்ளைக்குக் கேட்டதுமே புருவம் ஏறிவிட்டது. வண்டி ரிப்பேர் பார்க்கிறவர், எதையும் குனிந்து அடியில் பார்க்காமல் நம்ப மாட்டார். “சும்மா வர்ற வண்டியில எங்கயாவது ஓட்டை இருக்கும். நாயும் அப்படித்தான், நல்லாக் கேட்டுக்க” என்றார். அதோடு நிறுத்தவில்லை. “இன்னொரு தடவை இந்த வீட்டுல ரத்தம் பார்த்தேன்னா கிழவியோட சேர்த்து எல்லாத்தையும் வண்டியில ஏத்திடுவேன்” என்றார். சொன்னால் செய்வார். அம்மா வீட்டிலிருந்து நான் வந்தபோது என்னோடு வந்த ஒரே உறவு கிழவிதான். அவளை இழக்கிறதற்கு ஆடுகளையே இழந்துவிடலாம்.

அதனால் கேட்கிறேன். இருக்கிற மூன்றும் எப்படியோ ஒரு ஒழுங்கில் இருக்கின்றன. துரை வந்தால் குலைக்குமா, குலைக்காதா? இதற்கு மட்டும் ஜோடனை இல்லாமல் பதில் எழுதுங்கள்.

நேற்று போன் செய்தேன். நாய்க்கு என்ன வயது என்று கேட்டேன். “சாப்பிட்டாச்சும்மா, நீ சாப்பிட்டியா” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான்.

பாப்பா


ஜனவரி 27

அன்பு மருமகளுக்கு,

மாமா நலம். நேற்று ஒரு மரக்கட்டையைத் தனியாகத் தூக்கினேன், கூலியாட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

போனில் வேண்டுமென்றேதான் மாற்றிப் பேசினேன். பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தான். புதிதாக வந்தவன், முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான், வாய்க்குள்ளேயே முணுமுணுப்பான். அப்படிப் பேசுகிறவனை நம்பக்கூடாது. இங்கே போன மாதம் விடியற்காலையில் கொஞ்சம் பலகை காணாமல் போனது, அதில் என் பெயர் சுத்தம், நீ கவலைப்படாதே.

உன் கேள்விக்கு வருகிறேன். குலைக்குமா, குலைக்காதா என்று கேட்டிருக்கிறாய். குலைக்காது. பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், ஒரு தடவைகூடக் குலைத்ததில்லை. சிலருக்கு அதுவே குறையாகப் படுகிறது, உலகம் அப்படி. மீசைக்காரர் கொடுப்பதற்கும் அதுதான் காரணம், போதுமா? ஜோடனை வேண்டாம் என்றாய், அதனால் இதில் ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை. வேண்டுமானால் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

வயது நாலு முடிந்திருக்கிறது. சாப்பாட்டில் பேராசை இல்லை. வேறு நாய் தன் தட்டில் வாயை வைத்தால் ஒதுங்கி நின்று, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்பதுபோல வானத்தைப் பார்க்கும்.

மாமா


பிப்ரவரி 8

மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் சுகம். நீங்கள் கட்டை தூக்கிய இடுப்புக்குத் தைலம் தடவுங்கள்.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். குலைக்காது என்ற இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். “உங்க மாமா வாழ்க்கையில இவ்ளோ சுருக்கமா ஒரு பதில் சொன்னதே இல்ல. அதனாலயே நம்பலாம்போலத் தோணுது” என்றார். அவருடைய சம்மதம் இந்த ஒரு வார்த்தையால் கிடைத்தது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைக் குலைக்காத நாயாக இருந்தால் வரட்டும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. குலைக்காதது எப்படி மாமா ஒருவருக்குக் குறையாகப் படும்? அந்த மீசைக்காரரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பாப்பா


பிப்ரவரி 15

அன்பு மருமகளுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது.

பலகை ஏற்றி வருகிற லாரியில் துரையை அனுப்புகிறேன். டிரைவர் ஆள் சரியில்லை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான், நாயை எண்ணி வாங்கிக்கொள். ஒன்றுதான், இருந்தாலும் எண்ணு.

நேரே வீட்டுக்குள் விடாதே. தெருவில் வைத்து முதலில் வாத்தியாரோடு சந்திக்க விடு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் நடக்கட்டும். எதிரெதிரே நிறுத்தாதே. பிறகு சவுண்டு. கிழவியைக் கடைசியில் கொண்டுவா, ஆனால் வீட்டுக்குள் அவள் முன்னே நுழையட்டும், துரை அவளுக்குப் பின்னால். அப்போதுதான் வீடு அவளுடையது என்று அதற்குத் தெரியும். தட்டுகளைத் தள்ளித் தள்ளி வை.

நாயோடு வருகிற மூட்டைக்குள் ஒரு பழைய சட்டை இருக்கிறது. மீசைக்காரருடையது. கொஞ்ச நாள் படுக்கையில் போட்டுவை. வலது பக்கம் படுத்தால்தான் தூங்கும், சுவரோரம் இடம் கொடு. மழை வந்தால் காலைத் துடைத்துவிடு, இல்லையென்றால் அதுவே ஒவ்வொரு விரலாக நக்கிக்கொண்டு தூங்காமல் கிடக்கும்.

வந்து சேர்ந்ததும் எழுது. உடனே எழுது.

மாமா


மார்ச் 4

மாமாவுக்கு வணக்கம். தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். இங்கே எல்லோரும் சுகம், அந்த எல்லோரில் இப்போது துரையும் உண்டு.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். கிழவி முன்னே நுழைந்தாள். அவன் வாசற்படியில் நின்று அவள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தான். வாத்தியார் அதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். போன ஞாயிறு கிழவி கட்டிலுக்கு அடியிலிருந்து தானாக வந்து அவன் முதுகில் தலையை வைத்துப் படுத்தாள். நான் அழுதேன். உங்கள் மாப்பிள்ளை ரேடியோவைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார்.

முக்கியமான சேதி. குட்டிகளைத் தூக்கியவன் புல் கொண்டுவருகிறவன்தான். எங்கள் நாய்களுக்கெல்லாம் பழகியவன், அதனால்தான் மூன்றும் சும்மா இருந்தன. மறுபடி கொட்டிலுக்கு வந்தான். துரை குரைத்தான் பாருங்கள், நான் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டேன். தெருவே வந்துவிட்டது. அவன் சைக்கிளைக்கூட விட்டுவிட்டு ஓடினான்.

சில விஷயங்கள்தான் விசித்திரமாக இருக்கின்றன. சாதாரணமாகக் கூப்பிட்டால் துரை திரும்புவதில்லை, தொண்டை கிழியக் கத்தினால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான். அப்புறம் இந்த முழங்கால். கதவு தட்டினால் வந்து மூக்கால் என் முழங்காலை இடிக்கிறான். பால் பொங்கினால் இடிக்கிறான். போன் அடித்தால் இடிக்கிறான். வாய் வலிக்கக் குரைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஓடிவந்து இடிக்கிறான், நான் எழுந்து போகும்வரை விடுவதில்லை. “எனக்குக் கேக்குதுடா துரை” என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்ப மாட்டேன் என்கிறான்.

மீசைக்காரர் இப்படியா பழக்கினார்? கேட்டுச் சொல்லுங்கள்.

பாப்பா


மார்ச் 9

மருமகளே,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நீ ஏமாந்துவிட்டாய். உன்னிடம் வந்தது துரை இல்லை.

அந்த டிரைவர் மாற்றிவிட்டான். அவன் கண்ணைப் பார்த்தபோதே நினைத்தேன். நல்ல இனம் என்று தெரிந்து வழியில் எவனிடமோ விற்றுவிட்டு, அதே நிறத்தில் ஒரு தெருநாயை இறக்கிவிட்டிருக்கிறான். குலைக்கிற நாய் துரை இல்லை. அதைத்தானே நீயும் முதலிலேயே கேட்டாய், குலைக்குமா என்று? குலைக்காது என்று கொட்டை எழுத்தில் எழுதினேனே. தெரு கூடுகிற மாதிரிக் குலைத்தது என்கிறாய். சத்தியமாக அது வேறு நாய்.

சோதித்துப் பார். இடது காதின் உட்புறம் கடுகளவு மச்சம் இருக்கும். வலது முன்காலில் ஒரு நகம் மட்டும் வெள்ளை. வயிற்றைத் தடவினால் பின்னங்கால் ஒன்று தானாகச் சைக்கிள் ஓட்டும். தூங்கும்போது வாலால் மூக்கை மூடிக்கொள்வான், கனவு வந்தால் மேலுதடு மட்டும் துடிக்கும். இதில் ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரிவி, நான் நேரே போலீஸ் கமிஷனரிடம் போகிறேன், அவர் எனக்கு வேண்டியவர்.

என் துரை இப்போது எங்கே கிடக்கிறானோ.

மாமா


மார்ச் 16

மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் சுகம். பதற்றப்படாமல் உட்கார்ந்து படியுங்கள்.

மச்சம் இருக்கிறது. வெள்ளை நகம் இருக்கிறது. வயிற்றைத் தடவினேன், சைக்கிள் ஓட்டினான். இப்போது நான் எழுதும்போது வாலால் மூக்கை மூடிக்கொண்டு சுவரோரம், வலது பக்கம், அந்தப் பழைய சட்டைமேல் கிடக்கிறான். டிரைவர் பாவம், அவரைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். இது துரைதான்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் கேட்டது வீட்டின் ஒழுங்கைக் குலைக்குமா என்று. நீங்கள் பதில் சொன்னது வேறு கேள்விக்கு. ரை போட வேண்டிய இடத்தில் லை போடுகிறவர் என் மாமா என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. உங்கள் மாப்பிள்ளை இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன்.

பிறகு யோசித்தேன். பக்கத்திலேயே இருந்து பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இவன் குரைத்தால் தெருமுனைக் கடைக்காரர் தலையை நீட்டுகிறார். கனவில் உதடு துடிப்பது தெரிகிற தூரத்தில் படுத்திருந்தவர், மாமா, நீங்கள்தானே? அந்தச் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அதைத் தைத்துக் கொடுத்தது நான்.

மீசைக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரா?

பாப்பா


ஏப்ரல் 21

மாமாவுக்கு வணக்கம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபமா, உடம்புக்கு ஏதாவதா? ஒரு கார்டாவது போடக்கூடாதா?

முந்தாநாள் போன் செய்தேன். வெகு நேரம் அடித்தபிறகு எடுத்தீர்கள். நான் எதுவுமே பேசவில்லை. துரை பக்கத்தில் இருந்தான், வாசலில் தபால்காரர் வந்தார், குரைக்க ஆரம்பித்தான். நான் போனை அவன் வாய்க்கு நேரே பிடித்தேன். அவர் போகும்வரை குரைத்தான்.

எல்லாம் முடிந்து நான் காதில் வைத்தபோது நீங்கள் சொன்னீர்கள்: “சரிம்மா, சரி. நான் நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் மாமா. போனில் சொன்னேன், இதிலும் எழுதுகிறேன். சாப்பிட்டேன்.

வேறு எதுவும் கேட்கமாட்டேன். பதில் மட்டும் எழுதுங்கள்.

பாப்பா


மே 2

பாப்பாவுக்கு,

மாமா இருக்கிறேன். தூண் என்று இந்தத் தடவை எழுதவில்லை. உங்கள் சுகம் உன் கையெழுத்திலேயே தெரிகிறது.

இங்கே கொஞ்சம் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். மீசைக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார். இனி வரமாட்டார்.

பலகை காணாமல் போனது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அன்றைக்கு மேனேஜர் என்னை நிறுத்தி, முகத்துக்கு நேரே வந்து கேட்டான். “நாய் குரைச்சிருக்குமே, நீ எங்கய்யா போன?” நான் ஒரு இடத்துக்கும் போகவில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். துரை வந்து வந்து முழங்காலை இடித்தான். பசி என்று நினைத்து, அப்புறம் தருகிறேன் போடா என்று தள்ளிவிட்டேன். அதனால் சொன்னேன், சார், நாய் குலைக்கவே இல்லை, இது பிறவியிலேயே குலைக்காத நாய் என்று. குலைக்காத நாய்க்கு இங்கே எதற்குச் சோறு, எங்காவது இடம் பார்த்துக் கொண்டுபோய் விடு, இல்லையென்றால் நாய் பிடிக்கிற வண்டியைக் கூப்பிடுகிறேன் என்றான். எனக்கு வேலை தப்பியது. துரைக்குப் போய்விட்டது.

நான் எவ்வளவோ அளந்திருக்கிறேன், பாப்பா. கமிஷனரை எனக்குத் தெரியாது. அந்தக் கட்டையை நான் தூக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மேனேஜரிடம் சொன்னதில் ஒரு சொட்டுக் கலக்கவில்லை. அதுதான் பொய்யாகப் போயிருக்கிறது.

மாப்பிள்ளையிடம் சொல், இனிமேல் ரை போட்டே எழுதுகிறேன். துரை எப்படிக் குரைக்கிறான் என்று விவரமாக எழுது. கெட்டிக் குரலா, கீச்சுக் குரலா? எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் நீ எழுதிப் படிக்க வேண்டும்போல இருக்கிறது.

மாமா


மே 10

என் மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். துரை நன்றாகச் சாப்பிடுகிறான்.

கெட்டிக் குரல். முதலில் தொண்டைக்குள் ஒரு உருட்டல், காலி டிரம்மைச் சிமெண்ட் தரையில் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. அப்புறம் ஒரு பெரிய குரைப்பு, கொஞ்சம் இடைவெளி, யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறான். யாரும் எழுந்திருக்காவிட்டால்தான் அடுத்தது. கோபமான குரல் இல்லை மாமா. கூப்பிடுகிற குரல்.

நேற்று அவன் குரைத்தபோது நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். கையிலேயே கேட்கிறது. நீங்களும் வைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குக் காது நன்றாகக் கேட்பதால் அவனுக்கு என்னிடம் பாதி வேலைதான் இருக்கிறது. மீதி நேரம் உங்கள் சட்டையை மோந்துகொண்டு கிடக்கிறான். கொட்டிலை ஒட்டிய அறையை உங்கள் மாப்பிள்ளை வெள்ளையடித்துவிட்டார். ஜன்னல் வைத்த அறை. “ஆடுகளுக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வேணும்னு எழுது. சம்பளம் கேட்டா மட்டும் பேச்சை மாத்து” என்றார்.

அந்த மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம். கிளம்பி வாருங்கள்.

பாப்பா


மே 19

பாப்பா,

சுகம். வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வேலையை விடுகிறேன் என்றதும் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். மரவாடியே வாசலுக்கு வந்து நின்றது. மாலை போட வந்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன்.

ஸ்டேஷனில் என்னைக் கூப்பிடாதே. அதிகாரியாக இருந்தவனைக் கூட்டத்தில் கத்திக் கூப்பிடுவது மரியாதை இல்லை. நேரே எதிரில் வந்து நில்.

துரையைக் கூட்டி வா. அவன் என்னைப் பார்த்ததும் குரைப்பான். குரைக்கட்டும், யாரும் அதட்ட வேண்டாம். நான் பக்கத்தில் வந்து கையை வைக்கும்வரை குரைக்கட்டும்.

மாமா